தளபதி சந்தியாகுவும் ஜீப் ஓட்டிய மிக்கேலும்

சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்
11-9-1961

அன்புள்ள தம்பி ஆரோக்கியதாசுக்கு அக்கா வியாகுலம் எழுதுவது.

எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் இன்லண்டை எடுத்தேன். எழுதினால் பாதி பொய்யாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

நீ உன் மச்சானோடு முறைத்துக்கொண்டு மெட்ராசுக்கு ரயிலேறி ஒரு வருஷம் ஓடிவிட்டது. தேர்தலுக்கு நோட்டீஸ் எழுதித் தரச் சொன்னார், நீ மாட்டேன் என்றாய், வந்திருந்தவர்கள் முன்னால் உன்னை 'பேனா புடிக்கிற பயந்தாங்கொள்ளி' என்று சொல்லிவிட்டார். சொன்னது தப்புத்தான். நான் அன்றைக்கே அவரோடு சண்டை போட்டேன், உனக்குத் தெரியாது. அதற்காக நீ பத்திரிகையில் எழுதிப் பழிவாங்கலாமா?

அப்துல் சுக்கூர் பாயின் 'கோட்டை முரசு' பத்திரிகையில் நீ எழுதுகிற தொடரைத்தான் சொல்கிறேன். தென்னமெரிக்காவில் நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த ஒரு தளபதியின் சரித்திரம் என்று போட்டிருக்கிறாய். இங்கே ஒருத்தர்கூட அதை நம்பவில்லை. தளபதியின் பெயர் சந்தியாகு. உன் மச்சான் பெயரும் சந்தியாகு. அவர் ஸ்பானியரை எதிர்த்துப் பட்டாளத்தில் சேர்ந்தார். இவர் பர்மாவில் இந்திய தேசிய ராணுவத்தில் துப்பாக்கி தூக்கினார். அவர் சண்டை முடிந்ததும் அரசியலுக்கு வந்தார். இவர் வருகிற தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறார். அவருக்கு இடது கால் நொண்டி, இவருக்கும் இடது கால்தான். எல்லாம் போகட்டும், தளபதியின் உயிர்த்தோழன் பெயர் மிக்கேல் என்கிறாயே! பர்மாக் காட்டில் காயம்பட்டுக் கிடந்த இவரை முதுகில் சுமந்து வந்து, இன்றைக்கும் நம் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருக்கிற மனுஷன் யார்? மிக்கேல் அண்ணன்தானே?

தோல் மண்டியில் ஒருத்தர் வாசிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்களாம். மிக்கேல் அண்ணன் என்னிடம் வந்து சொல்லிச் சிரிக்கிறார். "தங்கச்சி, நான் வெள்ளைக் குதிர மேல போறேனாம்ல! இங்க ஜீப்புக்குப் பெட்ரோல் ஊத்த வழியக் காணோம்." உன் மச்சானுக்கோ தலைகால் புரியவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் இதழை எடுத்துக் கொடுத்து, "படிச்சுப் பாருங்க, மச்சினன் எழுதுறான்" என்கிறார். உன் மேல் இருந்த கோபம் எங்கே போனதோ.

எனக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. பட்டாளத்துக்காரர்கள் கதை நல்லபடியாக முடிந்து நான் கேட்டதில்லை. உன் தளபதி கடைசியில் என்ன ஆகிறார்? அதை மட்டும் எழுது.

உன் அக்கா,
வியாகுலம்மாள்


சென்னை
15-9-1961

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து மேசைக்காரர் என்ன விசேஷம் என்று கேட்டார். அச்சாபீசில் புரூஃப் திருத்துகிறவனுக்குச் சிரிப்பு வருவது பெரிய விசேஷம்தான்.

அந்தப் புத்தகத்தை மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் குவியலிலிருந்து எடுத்தேன். இங்கிலீஷ் புத்தகம். தளபதியின் பெயர் சான்டியாகோ. நம் கோயிலில் வாளும் கையுமாகக் குதிரைமேல் நிற்கிறாரே, அவர் பெயரும் அந்தத் தேசத்தில் சான்டியாகோதான். நாம் சந்தியாகப்பர் என்கிறோம். மிகுவேல் என்றால் நமக்கு மிக்கேல். இஞ்ஞாசி, சவேரி, அந்தோணி எல்லாம் இப்படி வந்த பெயர்கள்தானே? ஞானஸ்நானம் வாங்கிய தமிழன் வேறு எப்படி எழுதுவான்? அயல்தேசத்துக்காரனும் நம் பங்குக் கோயிலில் முழந்தாளிட்ட ஆள்போலத் தெரிய வேண்டும் என்றுதான் அப்படி வைத்தேன். ஊர்க்காரர்கள் முடிச்சுப் போட்டால் நான் என்ன செய்ய?

கால் விஷயம் பெரிதல்ல. போரில் காலில் குண்டு படாத தளபதி யார்?

கடைசியில் என்ன ஆகிறார் என்று இப்போதே சொன்னால் பத்திரிகையை யார் வாங்குவார்கள்? சுக்கூர் பாய் என் கழுத்தைப் பிடிப்பார். பொறுத்திருந்து படி.

மச்சான் சந்தோஷமாக இருக்கிறார் என்கிறாய். இருக்கட்டும். பயந்தாங்கொள்ளி எழுதியதைத்தான் ஊரெல்லாம் விநியோகிக்கிறார் என்று நான் சொன்னதாக அவரிடம் சொல்லிவிடாதே. சொன்னாலும் பரவாயில்லை.

தம்பி,
ஆரோக்கியதாஸ்


சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்
30-10-1961

தம்பிக்கு,

நீ சிரித்தாய் அல்லவா? இப்போதும் சிரி.

போன மாதம்வரை வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. தளபதி பனிமலையைத் தாண்டினார் என்று வந்ததும், "நாங்க தாண்டுனது அதவிடப் பெரிய மலைல்ல!" என்று இவர் ஆரம்பித்துவிடுவார். சுவரெழுத்தில் 'தளபதி சந்தியாகுவுக்கே உங்கள் ஓட்டு' என்று எழுதச் சொல்லிவிட்டார். கேப்டன் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ஊர் தளபதி, தளபதி என்கிறது. மிக்கேல் அண்ணன் ஒருவர்தான் இன்னும் கேப்டன் என்கிறார்.

போன இதழில் என்ன எழுதித் தொலைத்தாய்? மிக்கேல் விரோதிகளோடு சத்திரத்தில் உட்கார்ந்து பேசுகிறான். தளபதி எந்தப் பாதையில் வருவார் என்று கேட்கிறார்கள். அவன் தலையைக் குனிந்துகொள்கிறான். அங்கே 'தொடரும்' போட்டுவிட்டாய்.

இவர் அதை வாசித்தார். மடித்து வைத்தார். இன்னொரு தரம் எடுத்து வாசித்தார். அப்போது பார்த்து மிக்கேல் அண்ணன் வழக்கம்போல முக்குக் கடையிலிருந்து டீ வாங்கி வந்து நீட்டினார். இவர் வாங்கவில்லை.

"மொதல்ல நீ ஒரு வாய் குடி."

"நான் குடிச்சிட்டுத்தான் வாரேன் கேப்டன். இது உங்களுக்கு."

"குடின்னா குடிலே."

அவர் சிரித்துக்கொண்டே ஒரு வாய் குடித்துவிட்டு நீட்டினார். அப்போதும் இவர் வாங்கவில்லை. "எச்சி டீய எவன் குடிப்பான்" என்று எழுந்து உள்ளே வந்துவிட்டார். பர்மாவில் ஒரே தகரக் குவளையில் இரண்டு பேரும் கஞ்சி குடித்த கதையை எத்தனை தடவை சொல்லியிருக்கிறார் தெரியுமா? மிக்கேல் அண்ணன் அந்த டீயைத் திண்ணையில் வைத்துவிட்டு ஜீப்பைத் துடைக்கப் போனார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அன்றையிலிருந்து தினமும் டீ வருகிறது. தினமும் ஆறிப்போகிறது.

நான் கேட்டால், "உன் தம்பிக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு. நேரா எழுத முடியாம கதைல வச்சு எச்சரிக்கை பண்ணுறான்" என்கிறார். எதிர்க்கட்சிக்காரர்கள் மிக்கேல் அண்ணனுக்கு ஆள் அனுப்பிப் பேசினதாக எவனோ காதில் ஓதியிருக்கிறான். ஏற்கெனவே பயந்து கிடந்த மனுஷனுக்கு அது போதாதா?

தம்பி, மிக்கேல் என்ன செய்கிறான்? இந்தத் தரம் விளையாடாமல் பதில் எழுது.

வியாகுலம்


சென்னை
4-11-1961

அன்புள்ள அக்கா,

சொல்கிறேன். நீ மட்டும் தெரிந்துகொள்.

தளபதி சட்டசபைக்குப் போகும் வழியில் காட்டுக் கணவாயில் சுடப்பட்டுச் சாகிறார். அவர் வரும் பாதையைச் சொல்லிக்கொடுத்தவன் மிக்கேல். என்றைக்கோ நடந்து முடிந்த சரித்திரம் இது. மச்சானுக்காக அதை நான் மாற்ற முடியாது. சுக்கூர் பாய்க்கு அடுத்த அத்தியாயமும் போய்விட்டது.

ஒன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. துப்பாக்கி பிடித்தவர், பீரங்கிச் சத்தத்தில் தூங்கியவர் என்று அத்தனை பேர் முன்னால் மார் தட்டினாரே, அவருக்கு ஒரு டம்ளர் டீயைப் பார்த்துப் பயமா? எனக்குத் திருப்தியாகத்தான் இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன்.

கொஞ்ச நாளில் சரியாகிவிடும். மிக்கேல் அண்ணனிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

ஆரோக்கியதாஸ்


சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்
9-12-1961

தம்பி,

உனக்குத் திருப்தியா? இன்னும் கேள்.

தளபதி கணவாயில் செத்துக் கிடக்கிற அத்தியாயம் வந்தது. அது வந்த மறுநாளே ரோசலினுக்குக் கோயிலில் உட்கார இடம் தரவில்லை. மிக்கேல் அண்ணனைக் கட்டின பாவத்துக்கு அவள் என்ன செய்வாள்? பெண்கள் பாயை இழுத்துக்கொண்டார்கள். ஜீப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனால், "யூதாசு வாரான்டோய்" என்று கத்துகிறார்கள். சிரித்துக்கொண்டே போவாராம். அவர் முதுகில் யாரோ சாணி எறிந்திருக்கிறார்கள். சட்டையைக் கழற்றித் துவைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். ரோசலின்தான் கண்டுபிடித்து வந்து என்னிடம் அழுதாள்.

உன் மச்சான் வாசலைப் பார்க்க நாற்காலி போட்டு உட்காருகிறார். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்க வேண்டும், பக்கத்தில் ஜன்னல் கூடாது. தென்னந்தோப்புக் காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கினாரே ஒரு ரிவால்வர், பெட்டியில் கிடந்தது, அது இப்போது இடுப்பில். சாப்பிடும்போதும் அவிழ்ப்பதில்லை. காலடிச் சத்தம் கேட்டால் கை அங்கே போகிறது. ஒரு நாள் நான் சோற்றுக்கு வெஞ்சனம் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தேன், என்னை நோக்கியே உருவிவிட்டார். நான் என்று தெரிந்ததும் முகம் வேர்த்து, "சொல்லிக்கிட்டு வரக் கூடாதாடி?" என்று கத்தினார். அதிலிருந்து நான் என் வீட்டுக்குள்ளேயே, "நான்தான் வியாகுலம் வாரேன், நான்தான் வாரேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டு நடக்கிறேன்.

அப்படியானால் மிக்கேல் அண்ணனை நிறுத்திவிட வேண்டியதுதானே என்று கேட்பாய். கேட்டுவிட்டேன். "கூட வச்சிருந்தாத்தான் அவன் கை எங்க இருக்குன்னு தெரியும்" என்கிறார். ஜீப்பில் முன்னால் உட்காருகிறவர் இப்போது பின்னால் உட்காருகிறார். அவர் ஓட்டுகிறார், இவர் அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டே போகிறார்.

நேற்று மிக்கேல் அண்ணன் அடுப்படி வாசலில் வந்து நின்றார். இம்புட்டு நாளில் அந்த மனுஷன் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

"தங்கச்சி, எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நீ சொல்லு. அந்த மிக்கேலு நெசமாவே காட்டிக்குடுத்தானா?"

நான் அடுப்பைத் தள்ளிவிடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

"தம்பிக்கு ஒரு வரி எழுதிப்போடு தாயி. அந்தாளு பேர மாத்தச் சொல்லு. முடியாதுன்னா நான் சாமியார்கிட்டப் போயி என் பேர மாத்திக்கிறேன். கேப்டன் என்னைய அப்படிப் பாக்குறாரு பாரு, அதத்தான் தாங்க முடியல."

தம்பி, நன்றாகக் கேட்டுக்கொள். இவரை யாரும் கொன்றுவிடுவார்கள் என்று நான் பயப்படவில்லை. இவர் மிக்கேல் அண்ணனைக் கொன்றுவிடுவார் என்று பயப்படுகிறேன். ஒரு கதவு படாரென்று சாத்தினால் போதும்.

நீ ஆரம்பித்து வைத்தது. நீதான் ஏதாவது செய்ய வேண்டும்.

வியாகுலம்


சென்னை
14-12-1961

அக்கா,

உன் கடிதத்தை மூன்றாவது தரமாகப் படித்துவிட்டு எழுதுகிறேன். 'நான்தான் வாரேன்' என்று நீ சொல்லிக்கொண்டு நடப்பது என் காதில் கேட்கிறது.

புத்தகத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். மிகுவேல்மேல் சிலருக்குச் சந்தேகம் இருந்தது, எதுவும் நிரூபணமாகவில்லை. துரோகத்தைப் பற்றி அவ்வளவுதான் இருக்கிறது, ஒரே வரி. சத்திரம், தலைகுனிவு, பாதை காட்டினது எல்லாம் நான் சேர்த்தது. துரோகி இல்லாவிட்டால் கதையில் காரமில்லை என்று சுக்கூர் பாய் எழுதினார். எனக்கும் எழுத எழுத ருசியாக இருந்தது. நொண்டிக் காலும் நான் வைத்ததுதான். அது மச்சானுக்காகவே வைத்தது.

சுக்கூர் பாய்க்குத் தந்தி கொடுத்துவிட்டேன். பொங்கல் இதழில் கடைசி அத்தியாயம் வரும். தளபதி சாகவில்லை, கணவாயில் செத்துக் கிடந்தது மிக்கேல்தான், பார்த்தவர்கள் ஆள் மாறிச் சொல்லிவிட்டார்கள் என்று திருப்பிவிட்டேன். சத்திரத்தில் மிக்கேல் விரோதிகளுக்குப் பொய்ப் பாதையைச் சொல்லி ஏமாற்றுகிறான். அதைக் கண்டுகொண்ட அவர்கள் கணவாயிலும் ஆள் வைக்கிறார்கள், துப்பாக்கி வெடிக்கிறது. மிக்கேல் குதிரையிலிருந்து தாவித் தளபதியை அணைத்துக்கொண்டு குண்டைத் தன் முதுகில் வாங்குகிறான். தளபதி மடியில் அவன் உயிர் போகிறது. இதற்குமேல் ஒரு தோழனை நல்லவனாக்க எனக்குத் தெரியவில்லை.

சரித்திரத்தை மாற்ற முடியாது என்றாயே என்று கேட்காதே.

இதழ் வந்ததும் முதலில் மச்சானை வாசிக்கச் சொல். அவர் வாசித்தால் போதும்.

ஆரோக்கியம்


சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்
20-1-1962

அன்புள்ள தம்பி,

இதழ் வந்தது. ஊரே அழுதது என்றுதான் சொல்ல வேண்டும். யூதாசு என்றவன்களே இப்போது மிக்கேல் அண்ணனைக் கூப்பிட்டு பிரியாணி வாங்கிக் கொடுக்கிறார்கள். ரோசலினுக்குக் கோயிலில் முன்வரிசையில் இடம். இந்த ஜனங்களை என்ன சொல்ல!

மிக்கேல் அண்ணனுக்கும் அவளுக்கும் நான்தான் வாசித்துக் காட்டினேன். கணவாய்க் கட்டம் வந்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். மறுபடி அதே இடத்திலிருந்து வாசிக்கச் சொன்னார்.

"எப்படி, எப்படி? தாவிப் புடிச்சுக்கிட்டானா?"

"ஆமண்ணே. அணைச்சுப் பிடிச்சு, குண்ட முதுகுல வாங்கிட்டான்."

"அதான பாத்தேன். அதான! மிக்கேலுன்னு பேர வச்சுக்கிட்டு வேற என்னத்தச் செய்வான்?" கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "தங்கச்சி, இதக் கேப்டன் படிச்சிட்டாரா?"

படிக்கவில்லை தம்பி. அதுதான் சங்கடம். தளபதி செத்த அத்தியாயத்தோடு அந்தப் பத்திரிகையைக் கையால் தொட மாட்டேன் என்றவர்தான். நான் நீட்டினேன், வாங்கி அடுப்பில் போட்டார். வாயால் சொன்னேன். "ஏன்டி, உன் தம்பி மொதல்ல எழுதுனது நெசம். இது நீ அழுது கடுதாசி போட்டு எழுத வச்சது. எனக்குத் தெரியாதா?" என்றார். அதில் பாதி உண்மையாய் இருக்கிறதே, நான் எப்படி மறுத்துப் பேச?

அதனால் ஒன்று சொல்கிறேன், கேள். நீ நேரில் வா. முதலில் எழுதியதும் பொய், பிறகு எழுதியதும் பொய், இரண்டும் நான் கட்டினது என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல். காலில் விழு என்று நான் சொல்லவில்லை. விழுந்தாலும் குறைந்துபோக மாட்டாய். உன் வாயிலிருந்து கேட்டால்தான் நம்புவார். பிப்ரவரி பத்தாம் தேதி வடமதுரையில் பெரிய கூட்டம். அதற்குள் வந்துவிடு. ஜீப்பில் இரண்டு பேரையும் சேர்த்து அனுப்ப எனக்கு ஈரக்குலை நடுங்குகிறது.

உன் அக்கா


சென்னை
27-1-1962

அன்புள்ள அக்கா,

வரத்தான் நினைத்தேன். டிக்கெட் வாங்க எழும்பூர்வரை போய்த் திரும்பிவிட்டேன்.

தேர்தல் அச்சு வேலை மலையாய்க் குவிந்திருக்கிறது, லீவு கேட்டால் வேலை போகும். அது ஒரு காரணம். இன்னொன்றையும் எழுதுகிறேன். வாசலைப் பார்த்து ரிவால்வரோடு உட்கார்ந்திருக்கிறவர் முன்னால் போய், உங்களைப் பயமுறுத்தியது நான்தான் என்று சொல்ல எனக்கு நெஞ்சு இல்லை. அவர் என்னைப் பயந்தாங்கொள்ளி என்றது சரிதான் போலிருக்கிறது.

மச்சானுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நல்ல நேரம் பார்த்துக் கொடு. வாக்குப்பதிவு முடிந்த மறுநாள் அங்கே இருப்பேன். சத்தியம்.

ஆரோக்கியம்


திண்டுக்கல்
14-2-1962

ஆரோக்கியதாசுக்கு,

மிக்கேல் அண்ணன் செத்துப்போனார். ஞாயிற்றுக்கிழமை காலையில்.

இதைப் படித்ததும் கிழித்து எரித்துவிடு. என் வாயிலிருந்து வேறு யாருக்கும் போகாது.

நீ உன் மச்சானுக்கு எழுதின கடிதத்தை அவர் பிரிக்கவேயில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வடமதுரைக்குப் புறப்பட்டார். பொழுது சாய்கிற நேரம். நான் பின்னாலேயே ஓடி, "வேட்டு போடக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். எல்லா ஊருக்கும் சொல்லியாச்சு என்றார். நம் பக்கத்தில் வேட்பாளர் வந்து இறங்கினால் அதிர்வேட்டு போடாமல் விடுவார்களா? அது உனக்குத் தெரியாததா? வேண்டாம் என்று சொன்னதைத் தளபதி அடக்கமாகச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார்களாம். பெருமாள்சாமி என்று ஒருவர், நம் ஆள்தான், அவர் செலவில் பிள்ளையார் கோயில் பக்கம் குழி தோண்டி வேட்டுக் குழாய் புதைத்து வைத்திருந்திருக்கிறார்.

ஜீப் கூட்டத்துக்குள் நுழைந்து நின்றதும் முதல் வேட்டு வெடித்திருக்கிறது.

அந்தச் சத்தத்துக்கு மிக்கேல் அண்ணன் ஸ்டீரிங்கை விட்டுவிட்டு, "கேப்டன்!" என்று கத்திக்கொண்டு பின்சீட்டுக்குத் தாவியிருக்கிறார். இவரை அப்படியே அணைத்து மூடிக்கொள்ளத்தான் தாவினார். நான் இரண்டு தரம் வாசித்துக் காட்டினேனே, அதே மாதிரி. இவருக்கு என்ன தெரியும்? இருட்டிக்கொண்டு வரும் நேரம், வெடிச் சத்தம், மிக்கேல் தன்மேல் பாய்கிறார். கை இடுப்புக்குப் போய்விட்டது. இரண்டாவது வேட்டோடு சேர்ந்து அந்தச் சத்தமும் போய்விட்டதால் யாருக்கும் எதுவும் விளங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கேட்டபோது மிக்கேல் அண்ணன் தெளிவாகச் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். "கூட்டத்துலருந்து எவனோ சுட்டான் சார். கேப்டனைத்தான் குறி வச்சான். நான் குறுக்க விழுந்துட்டேன்." இவர் வாயைத் திறக்கப் போனார். அண்ணன் இவர் கையைப் பிடித்து அழுத்தினார், விடவேயில்லை. போலீஸ்காரர் போனதும் இவரைப் பார்த்து, "கேப்டன், இனிமேலாச்சும் நான் வாங்கியாற டீயக் குடிப்பீங்கள்ல?" என்று கேட்டார். அதுதான் கடைசியாகப் பேசியது.

ஊர் என்ன பேசுகிறது தெரியுமா? பத்திரிகையில் வந்தபடியே நடந்துவிட்டது என்கிறார்கள். தளபதிக்கு வந்த குண்டை மிக்கேல் வாங்கிக்கொண்டார் என்கிறார்கள். பொங்கல் இதழை சுக்கூர் பாய் திரும்பவும் அச்சடிக்கிறார். ஓட்டெல்லாம் இவருக்குத்தான் விழும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். மாலை போட வருகிறார்கள் தம்பி. இவர் கழுத்தைக் குனிந்து வாங்கிக்கொள்கிறார். நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

ரோசலின் என்னிடம் அந்த இதழைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பெட்டிக்குள் அவர் நெஞ்சின்மேல் வைத்துவிட்டாள். அவளுக்குத் தெரியாது. அவளைப் பார்க்கும்போதெல்லாம் நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது.

ரிவால்வரை ஆஸ்பத்திரிக்கு ஜீப் போகும் வழியிலேயே இவர் ஏதோ கிணற்றில் போட்டிருக்கிறார். ஆனாலும் வாசலைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறார். காலடிச் சத்தம் கேட்டால் இப்போதும் கை இடுப்புக்குப் போகிறது. அங்கே ஒன்றுமில்லை. என்னிடம் மட்டும் நடந்ததைச் சொல்லி அழுதார். அதன் பிறகு ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். "அந்த நெசமான மிக்கேலுக்கு என்னடி ஆச்சு? உன் தம்பிகிட்டக் கேளு. பொய் எழுத வேணாம்னு சொல்லு."

நானும் அதைத்தான் கேட்கிறேன். புத்தகத்தில் என்ன இருக்கிறது?

வியாகுலம்


சேசு மரி சூசை துணை

சென்னை
17-2-1962

அக்கா,

புத்தகத்தில் இருப்பதை மட்டும் எழுதுகிறேன். ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை.

தளபதி கணவாயில் செத்தார். சுட்டவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. மிகுவேல் அன்றைக்கு அங்கே இல்லவே இல்லை. காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தார். சந்தேகப்பட்டவர்கள் சந்தேகப்பட்டார்கள், அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. மக்காச்சோளம் பயிரிட்டார். பேரன் பேத்தி எடுத்தார். நல்ல கிழவராகித் தன் கட்டிலில் படுத்துச் செத்தார். கடைசிப் பக்கத்தில் அவர் படம்கூட இருக்கிறது, பல்லெல்லாம் போய்ச் சிரித்துக்கொண்டு.

மிக்கேலைச் சாகடித்தது நான் மட்டும்தான் அக்கா. மச்சானிடம் அதைச் சொல்.

வேண்டாம், நீ சொல்ல வேண்டாம். நானே சொல்கிறேன். ரோசலினிடம் என்ன சொல்வதென்று மச்சானும் நானும் அதற்குப் பிறகு பேசிக்கொள்கிறோம். அச்சாபீசில் கணக்கை முடித்துவிட்டேன். இந்தக் கடிதம் முந்தி வந்து சேரட்டும் என்று செவ்வாய்க்கிழமை ராத்திரி ரயிலில் புறப்படுகிறேன். புதன்கிழமை மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன்.

மச்சானை நாற்காலியை மாற்றிப் போடச் சொல்லாதே, அப்படியே உட்காரட்டும். தெருமுனையிலேயே ஆரம்பித்து, "நான்தான் ஆரோக்கியம் வாரேன், மச்சான், நான்தான் வாரேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டு வருவேன். பயப்பட வேண்டாம் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லி வை.

ஆரோக்கியதாஸ்